கிட்ட வந்து எடு

"என்னால முடியாதுங்க. வேற ஸ்டுடியோவுல கேட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு மருதாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வேன் சாவியோடு வாசலில் நின்ற பழனிமுத்து நகரவில்லை. பனியன் கம்பெனி லிங்கசாமியிடம் அவன் புதிதாகச் சேர்ந்த டிரைவர். லிங்கசாமியின் அப்பா விடியற்காலையில் அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் இறந்துபோயிருந்தார். படம் எடுக்க ஆள் வேண்டும் என்று வந்திருந்தான்.

"எங்கீங்க போறது? இன்னிக்குப் பெரிய முகூர்த்தம். திருப்பூர்ல ஒரு கேமராகூடச் சும்மா இல்லீங்க. பெரியவரை மத்தியானத்துக்குள்ள எடுத்துருவாங்க. அதுக்கு முன்னால ஒரு படம் எடுத்தே ஆகணும்னு பெரியம்மா ஒரே பிடியா நிக்கறாங்க. இந்த வீதியில புதுசா ஒரு ஸ்டுடியோ இருக்குது, அங்க போய்ப் பாருன்னு அவங்கதான் அனுப்பிச்சாங்க."

பனியன் கம்பெனியில் துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலையை விட்டுவிட்டு மருதாள் தை மாதம் திறந்த ஸ்டுடியோ அது. "போட்டோ எடுக்கறவரு இல்லீங்களா?" என்று கேட்டு வருகிறவர்கள், "நாந்தானுங்க" என்று அவள் சொன்னதும் அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்களால்தான் கடை ஓடியது. போன வாரம் துணிந்து ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனாள். மோதிரம் மாற்றிய படம் ஆடிப்போய் வந்தது. பெண் வீட்டார் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கடையை மூடிவிட்டுப் பழையபடி கம்பெனிக்கே போய்விடலாம் என்று நேற்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்து அவள் கணவன் கன்னையன் வந்தான். சாயப் பட்டறை வேலையில் நீலமேறிய கையால் கேமரா பையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"போயிட்டு வா மருதா."

"கை நடுங்குதுங்க."

"நடுங்கட்டும். இன்னிக்குப் போகலீன்னா இனி எப்பவும் போகமாட்ட."

"நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? நீ மட்டும் போ."

வேன் போய் நின்றதும் பந்தலில் அழுகைச் சத்தம் சட்டென்று அடங்கியது. பையோடு இறங்கிய மருதாளையே பெண்கள் பார்த்தார்கள். லிங்கசாமி வேகமாக வந்தார். அவளைப் பார்க்காமல் டிரைவரிடம் கேட்டார்.

"வேற ஆளே கிடைக்கலியா?"

"இல்லீங்க. எல்லாரும் கலியாணத்துக்குப் போயிட்டாங்க."

லிங்கசாமி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "சரி. படத்தை எடுத்துட்டுப் போகட்டும். வேற பேச்சு ஒண்ணும் வேண்டாம்."

இப்படியே திரும்பி வேனில் ஏறிவிடலாமா என்று இருந்தது மருதாளுக்கு. ஆனால் கால்கள் உள்ளே போயின.

கூடத்தில் பெரியவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நெற்றியில் காசு, கழுத்தில் மாலை. மருதாள் நிலைப்படி அருகிலேயே நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். பெரியவரின் முகம் கலங்கலாகத் தெரிந்தது. லென்ஸைத் திருகித் திருகிப் பார்த்தாள், தெளியவில்லை. கேமராவை இறக்கினாள். "இவளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

பெரியவரின் காலடியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெரியாத்தாள் தலையைத் தூக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"அங்கிருந்து எடுத்தா முகம் சரியா உழாது. கிட்ட வந்து எடு, கண்ணு."

மருதாள் கிட்டப் போனாள். முகத்தில் பாதி இருட்டாக இருந்தது. "அந்தப் பீரோவுக்குப் பின்னால ஜன்னல் இருக்குது. திறந்து உடுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இரண்டு பேர் எழுந்து பீரோவை நகர்த்தினார்கள். வெளிச்சம் பெரியவர் மீது விழுந்தது.

"தலையைக் கொஞ்சம் நிமித்தணும்."

யாரும் எழவில்லை. மருதாளே குனிந்து அவர் தாடையில் கை கொடுத்து மெல்ல நிமிர்த்தினாள். நரைத்த தாடி முள் விரலில் குத்தியது. சரியாக நிமிர்ந்த பிறகும் கையை உடனே எடுக்க முடியவில்லை. எடுத்தபோது நடுக்கம் நின்றிருந்தது.

"ஊட்டு ஆளுங்க எல்லாரும் பின்னால நில்லுங்க. அந்த அக்கா கொஞ்சம் உள்ள தள்ளி வாங்க. பசங்க முன்னால."

சொன்னபடியே நின்றார்கள். லிங்கசாமி மட்டும் தலை குனிந்திருந்தார்.

"இங்க பாருங்க" என்றாள்.

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அப்படியே இருங்க."

கேமராவுக்குள் எல்லா முகமும் தெளிவாகத் தெரிந்தது. விரல் அசையாமல் பட்டன்மேல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஈரோட்டிலிருந்து துக்கம் கேட்க வந்திருந்த நூல் வியாபாரி ஒருவர் வாசற்படியில் நின்றபடி பெரியாத்தாளிடம் கேட்டார்.

"பெரியவருக்கு ஒரு பொண்ணும் உண்டுன்னு கேள்விப்பட்டனுங்க. என்ன மனத்தாங்கலா இருந்தாலும் இன்னிக்கு ஒரு தாக்கல் சொல்லி உட்டிருக்கலாமே, அம்மா. கடைசியா அப்பன் மொகத்தைப் பாத்திருக்குமே."

பெரியாத்தாள் கேமராவை நேராகப் பார்த்தபடி சொன்னாள்.

"சொல்லாம இருப்பனுங்களா, சாமி? வேன் அனுப்பிக் கூட்டியாந்துட்டேன். அவதான் படம் எடுக்கறா."