சரியான பாஸ்வேர்டு

பதினோராவது தடவையும் அதே சிவப்பு எழுத்து: அங்கீகாரம் தோல்வி.

மெயில் சர்வரில் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவிக்கொண்டிருந்தேன். வருகிற மடல்களைப் பிரித்துச் சோதிக்க அதற்கு ஒரு நிர்வாகியின் கணக்கு வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இந்த மாதிரி நிறுவும் வேலை எல்லாமே ஆறு வருடமாக என் கணக்கில்தான் நடக்கிறது.

பன்னிரண்டு மணிக்குள் ஓடாவிட்டால் என் வேலை வெளி நிறுவனத்துக்குப் போய்விடும். மேலாளர் காலையில் அப்படித்தான் சொல்லியிருந்தார், நாலு பேர் காதில் விழும்படி.

மணி பதினொன்றே முக்கால்.

பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். சர்வரின் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். மென்பொருளைக் கழற்றி மறுபடியும் போட்டேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலாளர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"முடியலைன்னா விட்டுடும்மா, இதுல என்ன வெக்கம்? அந்தக் கம்பெனி ஆளு கீழதான் உக்காந்திருக்காரு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாயால் சொல்லவில்லையே தவிர, அவர் குரலில் அதுதான் இருந்தது. அந்த ஆளை எப்போது வரச்சொன்னீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

எழுந்திருக்கவும் இல்லை.

பயனர்களின் கணக்கில் கோளாறு தேடித் தேடியே பழகிய எங்களுக்கு, சொந்தக் கணக்கைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை. இப்போது தோன்றியது. காலை ஒன்பது மணிக்கு வந்ததும் நான் நுழைந்த நிர்வாகத் திரை மூடாமலே கிடந்தது நல்லதாகப் போயிற்று. அதில் என் பெயரைத் தேடினேன்.

ஒரே ஒரு வரி. மறுபடியும் படித்தேன்.

அங்கேயே நான் சரிசெய்துகொண்டிருக்கலாம். இரண்டு சொடுக்கு போதும். மாட்டேன். பூட்டியவர்தான் திறக்க வேண்டும், அதுவும் எல்லோரும் பார்க்க.

திரையை மற்றவர்கள் பக்கம் திருப்பினேன். கடைசி மேசைக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

"கணக்கு முடக்கப்பட்டது. இன்று காலை ஒன்பது பத்து. முடக்கியவர்: மேலாளர்."

இந்த வேலையை அவர் என்னிடம் கொடுத்தபோது மணி ஒன்பதரை.