சிவப்புத் தொப்பிப் பொம்மை

“பெட்டிக்குள்ள இருந்த சிவப்புத் தொப்பிப் பொம்மை எங்கே?”

திரை விலக ஐந்து நிமிடம் இருக்கும்போது டைரக்டர் கத்தினார்.

கதாநாயகி ஓடி வந்தாள். நாடகம் இல்லாத மாதங்களில் துணிப் பொம்மை தைத்து விற்றுத்தான் அவள் வீடு ஓடுகிறது. நாடகம் இருக்கும் நாட்களில் அரங்க வாசலிலேயே கடை போடுவாள். மேடைப் பொம்மையும் அவள் தைத்ததுதான்.

“சார்... விக்கிற பொம்மைங்களோட கலந்துபோச்சு. இப்பதான் யாருக்கோ வித்துட்டேன்.”

“நல்லா இருக்கு! கடைசி சீனே அந்தப் பொம்மைதான். நாளையிலேருந்து கடையா நாடகமா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு!”

கடைசிக் காட்சி வந்தது. காணாமல் போன மகளின் பொம்மையைத் தாய் எடுத்துக் கொஞ்ச வேண்டும். அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

“ஐயோ, என் பொண்ணோட சிவப்புத் தொப்பிப் பொம்மையைக் காணோமே!”

வசனத்தில் இல்லாததைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை மட்டும் நிஜம்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஆறடி ஆள் ஒருவர் தேம்பிக்கொண்டே மேடைக்கு ஓடி வந்தார்.

“அழாதேம்மா! தெரியாம நான்தான் வாங்கிட்டேன். இந்தா!”

அவள் பொம்மையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் டைரக்டர் விறுவிறுவென்று வந்தார்.

“நாளைக்கே கடையை மூடிடறேன் சார்...”

“மூடிக்கீடித் தொலைச்சிடாதே! நாளைக்கும் அந்தப் பொம்மையை வித்துடு. ஆனா, இதே மாதிரி அழுமூஞ்சி ஆளாப் பாத்து வில்லு!”