யாரை நம்பி யார்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வரிக் கணக்கை நானே போட்டுவிடுவது என்று லேப்டாப்பைத் திறந்தேன். வழக்கமாகப் போட்டுத் தரும் ஆடிட்டரோடு சண்டை போட்டுவிட்ட அப்பாவும் செல்போனோடு எதிரில் உட்கார்ந்தார். அவருக்கும் இதுதான் முதல் தடவை.

"அந்தத் தையல் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தறியா? இங்க முக்கியமான வேலை நடக்குது," என்று அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

சத்தம் நின்றது. பூனை மட்டும் மேசைக்கடியில் எதையோ கடித்துக்கொண்டிருந்தது.

'உங்கள் வருமானத்தை நம்பி வாழ்பவர்' என்றொரு கட்டம் வந்தது. அப்பா தன் வாட்ச் கடையில் ஈ ஓட்டுவது தெருவுக்கே தெரியும். அவர் பெயரைப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

அனுப்பியதும் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'இவர் ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் இருக்கிறார்.'

"என்னப்பா இது, உங்களை வேற யாரோ காப்பாத்தறாங்களாம்!"

அப்பா செல்போனை என் பக்கம் திருப்பினார். அதிலும் அதே சிவப்பு. மேலே என் பெயர்.

"என்னையா போட்டீங்க? நான் சம்பாதிக்கிறேன்பா!"

"மாசக் கடைசியில உனக்குப் பெட்ரோல் காசு யாரு குடுக்கிறா?"

"உங்க கடை வாடகையை யாரு குடுக்கிறா?"

இரண்டு கேள்விக்கும் பதிலாக அம்மாதான் வந்தாள், கழுத்தில் அளவு டேப்போடு.

"எதுக்கு இந்தக் கூச்சல்? என் கணக்கைப் போன வாரமே அனுப்பிட்டேன். உங்க ரெண்டு பேரையும் போட்டாச்சு."

நான் லேப்டாப்பை மூடினேன், அப்பா செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பூனையையும் போடலாம்னு பாத்தேன்," என்றாள் அம்மா. "அது தன் சாப்பாட்டைத் தானே தேடிக்குது. விட்டுட்டேன்."