கயிறு இல்லாத தாவல்

"ஜூன் 12, வியாழன். பிழை: நேற்று வகுப்பு இடைவேளையில், முதல் பாகத்தில் நாயகன் கயிறே இல்லாமல் பள்ளத்தைத் தாண்டினான் என்று ஐந்து பேர் முன்னால் அடித்துச் சொன்னேன். கயிறு இருந்தது. நான்கு நிமிடம் இருந்தது."

நோட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்து, 'அடித்து' என்ற சொல்லை மட்டும் கோடு போட்டு நீக்கினாள். கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. மாலையில் கட்டட வரைபட வகுப்பு. எதையும் இரண்டு தடவை அளக்காமல் விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு சினிமா விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம் வகுப்பையே இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஒரு பள்ளத்தைத் தாண்ட முடிச்சை மூணு தடவை இழுத்துப் பாக்கறான். இதுக்கா இத்தனை வருஷம் காத்துக் கிடந்தோம்?" என்றார் கூடப் படிக்கும் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏன், நீங்க கயித்தை இழுத்துப் பாக்காமலா லிஃப்டுல ஆளை ஏத்துவீங்க? அப்ப நான் இனிமே படியிலயே போறேன் சாமி," என்றாள் மருந்துக்கடை அக்கா.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் இவள் சொன்னாள், முதல் பாகத்தில் அவனுக்குக் கயிறே தேவைப்படவில்லை என்று.

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா தாயே, நீ எந்தப் படத்தைப் பாத்த?"

காலையில் பேருந்தில் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தாள். ஆணி அடிக்கிறான், கயிறு எறிகிறான், இரண்டு முறை தவறவிடுகிறான், கை எரியத் தொங்கிக்கொண்டு போகிறான். அவள் வாழ்நாளில் பார்த்திராத நான்கு நிமிடம்.

அவர்கள் வீட்டு சிடியில் அந்த இடத்தில் ஒரு கீறல். நாயகன் விளிம்புக்கு வருவான். அடுத்த நொடி அந்தப் பக்கம் நிற்பான்.

"பறந்துட்டான்டி!" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் கத்துவான். அவனுக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பத்து.

அவன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அப்பாவோடு பேச்சு முற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கும்போது இவளிடம் ஒன்றே ஒன்று சொன்னான்: "ரெண்டாவது பாகம் வரும்ல, அப்ப வந்துடுவேன்."

அன்றிலிருந்து அவன் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுவார். முகவரி கிடையாது, எண் கிடையாது.

படம் வந்து பதினோரு நாள். முதல் நாள் தியேட்டர் வரிசையில் எல்லோரும் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டை மூடிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே போனில் ரசிகர் பக்கத்துக்குப் போனாள். நானூற்றுச் சொச்சம் பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலிலிருந்து வரிசையாகப் படிப்பதுதான் அவள் வழக்கம். நேற்று இருநூற்றுப் பன்னிரண்டாவது கருத்தில் நிறுத்தியிருந்தாள்.

இருநூற்று அறுபத்து மூன்றாவது, 'துருப்பிடித்த நங்கூரம்' என்ற பெயரில் யாரோ எழுதியது:

"முதல் பாகத்துல கயிறே இல்லாம பறந்தவன், இதுல முடிச்சைத் தடவித் தடவிப் பாக்கறான். படம் நல்லாதான் இருக்கு. அவனைப் பாக்கத்தான் பாவமா இருக்கு."

கீழே ஆளாளுக்கு அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். "அண்ணே, முதல்ல போய்க் கண்ணாடி போடுங்க" என்றது ஒன்று.

வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

உடனே சந்தேகமும் வந்தது. அது வாடகைக் கடை சிடி. கடையை மூடும்போது இவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்கு முன் எத்தனை வீடு ஏறி இறங்கியதோ! அந்தக் கீறலைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம், ஐம்பது பேர் இருக்கலாம். ஆசைப்பட்டு அளந்தால் அளவு தப்பும் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு முறை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் அவனுக்குக் கீழே இதைப் போட்டாள்: "நானும் அப்படித்தான் பார்த்தேன். அவன் தாண்டியதும் அடுத்து என்ன வரும்?"

ஒரு பெரியவர் கண்ணாடிக் காம்பு ஆடுகிறது என்று வந்தார். கடுகளவு திருகாணி. அவள் கையிலிருந்து இரண்டு முறை கீழே விழுந்தது. "மெதுவா செய்ம்மா, எனக்கு அவசரமில்ல," என்றார். அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் போன் அதிர்ந்தது.

"ஒண்ணும் வராது. படம் அப்படியே நின்னுடும். நீதான் எழுந்து போய் பெட்டி மேல தட்டணும். நான் எழுந்திருக்க மாட்டேன்."

உண்மைதான். சிடி பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு தட்டு, அப்புறம்தான் படம் மேலே ஓடும். அந்தத் தட்டுக்காக அண்ணன் ஒரு நாளும் பாயை விட்டு அசைந்ததில்லை.

லென்ஸ் துடைக்கும் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அளக்காமல், ஒரே மூச்சில் எழுதினாள்: "பெட்டி இன்னும் இருக்கு. இந்தத் தடவை நீ வந்து தட்டு."

பதில் வரவில்லை. கடை சாத்தும் வரை வரவில்லை.

வகுப்புக்குக் கிளம்புமுன், ஷட்டர் பாதி இறங்கிய கடையில் நின்றபடியே நோட்டைத் திறந்து எழுதினாள்:

"நாளை, வெள்ளி: காலையில் அப்பா வேலைக்குக் கிளம்புமுன், அவரையும் அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா எழுந்து போனால், பின்னாலேயே போய்ச் சொல்ல வேண்டும்."