கண்ணாடி தயாராகும் வரை

“நான் இருக்கேன், நீ இருக்கே, மூலை நாற்காலியில ஒரு ஆம்பளை இருக்காரு. அவ்வளவுதான் கண்ணு, வேற யாரும் இல்ல. ஏன் கேக்கறே?” என்றாள் கண்ணாடிக் கடை பெவ்.

“சும்மாதான்” என்றாள் ரொவீனா. “அந்த ஆள் பேசவே மாட்டேங்கறாரே?”

“பேசறதுக்கா கடைக்கு வராங்க?”

ரொவீனாவுக்கு அந்த ஆள் ஒரு பழுப்புக் கறை. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குக் கறைதான். கறைக்கு ஒரு தொப்பி இருந்தது. முகம் இவள் பக்கம் திரும்பியிருந்ததா என்று தெரியவில்லை.

நேற்று அடிலெய்டில் அவளுடைய கண்ணாடியைத் தரையில் போட்டு, பூட்ஸ் காலால் அரைத்தான் அவள் கணவன் டேரல். கண்ணாடி இல்லாமல் இவள் எங்கே கார் ஓட்டப் போகிறாள் என்பது அவன் கணக்கு. ஒரு பக்க வில்லை மட்டும் விரிசலோடு தப்பியிருந்தது. அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, அவன் குறட்டை விடும் நேரத்தில் காரைக் கிளப்பினாள். விடியும்போது இந்த ஊர் எல்லையில் அந்த வில்லையும் கழன்று விழுந்தது.

பெர்த்தில் அக்கா இருக்கிறாள். நடுவில் மரம்கூட இல்லாத நெடுஞ்சாலை. கண்ணாடி வந்தால் போய்விடலாம்.

தான் எங்கே இருக்கிறோம் என்று டேரலுக்குத் தெரியாதபடி எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்திருந்தாள். கைபேசியை வழியில் ஒரு பாலத்திலிருந்து எறிந்தாள். வங்கி அட்டையைத் தொடவில்லை. பெட்ரோலுக்கு ரொக்கம். அவன் கண்டுபிடித்தால் இந்தத் தடவை உடையப்போவது கண்ணாடி அல்ல.

காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து, மருத்துவ இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினாள். வருடத்துக்கு ஒரு ஜோடி கண்ணாடி அதில் சும்மா கிடைக்கும். பெவ் அட்டையை இயந்திரத்தில் தேய்த்தாள், கண்ணைப் பரிசோதித்தாள்.

“நல்ல நாள் பாத்து வந்தே. இன்னிக்கு டிசம்பர் முப்பத்தொண்ணு. நாளைக்கு வந்தா இந்த வருஷச் சலுகை போயிருக்கும். ஒரு மணி நேரம் இரு, கையில குடுத்துடறேன்.”

இப்போது சாயங்காலம்.

முதலில் யாரோ போனில் வந்து பெவ்வை வெகுநேரம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வில்லை வெட்டும் இயந்திரம் மக்கர் செய்தது. பிறகு வில்லையில் கீறல். அப்புறம் சாப்பாட்டு நேரம். சலுகை காலாவதியாகும் பயத்தில் ஊரே வந்து, தேவையில்லாத கூலிங்கிளாஸ்களை மாட்டிக்கொண்டு போனது. ரொவீனா மட்டும் போகவில்லை. கண் தெரியாமல் எங்கே போவது?

“பெவ், இன்னும் எவ்வளவு நேரம்?”

“அவசரத்துல பண்ணா கண்ணாடி மூக்குல நிக்காது, நழுவி வாய்க்கு வந்துடும். டீ குடிக்கறியா?”

“மூணு டீ குடிச்சாச்சு.”

“நாலாவது குடி. கேக் வெச்சிருக்கேன், தின்னு. எலும்பும் தோலுமா இருக்கே. புது வருஷம் யார்கூட?”

“அக்காகூட.”

“அப்படியா?” பெவ் சிரித்தாள். “பாக்கலாம், பாக்கலாம்.”

எதற்குச் சிரித்தாள் என்று ரொவீனாவுக்குப் புரியவில்லை. மூலையில் கறை அசைந்தது. தொண்டையைச் செருமியது. டேரலும் அடிக்கப் போகும் முன் அப்படித்தான் செருமுவான். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“கண்ணாடியைக் குடு பெவ். எப்படி இருந்தாலும் பரவாயில்ல, குடு!”

“அட, இந்தா. ஏன் கத்தறே?”

பிடுங்கி மாட்டிக்கொண்டாள். உலகத்துக்கு விளிம்பு வந்தது. முதலில் மூலையைத்தான் பார்த்தாள்.

பல்லில்லாத ஒரு கிழவர். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கடைவாயில் எச்சில்.

ரொவீனா சத்தமாகச் சிரித்துவிட்டாள். கிழவர் விழித்துக்கொண்டார்.

“என் கண்ணாடி என்னாச்சு பெவ்?”

“மத்தியானமே குடுத்தாச்சு ஆர்ச்சி. மூக்கு மேல தடவிப் பாரு. ஏசிக்குத்தானே இங்க வந்து தூங்கறே? கடை சாத்தப் போறேன், எழுந்திரு.”

“கிழவன்னா எல்லாருக்கும் இளக்காரம்” என்று முனகியபடி ஆர்ச்சி வெளியே போனார்.

“நானும் கிளம்பறேன்” என்றாள் ரொவீனா. கார் சாவி கையில் தயாராக இருந்தது.

“இரு, இரு. வலது காதுப் பக்கம் தூக்கியிருக்கு.” அவள் மறுப்பதற்குள் பெவ் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள். உலகம் மறுபடி கரைந்தது. பெவ் துடைத்தாள். வளைத்தாள். மறுபடி துடைத்தாள்.

கதவு மணி ஒலித்தது. ஒரு புதிய கறை உள்ளே வந்து, வாசலிலேயே நின்றது.

“அப்பாடா!” என்றாள் பெவ். “காலையில நான் உன் அட்டையைத் தேய்ச்சதுமே உன் வீட்டுக்காரரு போன் பண்ணிட்டாரு. குடும்பத்துக்கே ஒரே இன்சூரன்ஸ் இல்லையா, யார் எந்தக் கடையில தேய்ச்சாலும் அவர் போனுக்குச் செய்தி போயிடுது. ‘கோச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா, சமாதானம் பண்ணக் கிளம்பி வந்துட்டே இருக்கேன், அதுவரைக்கும் கண்ணாடியை மட்டும் குடுத்துடாதீங்க’ன்னு கெஞ்சினாரு பாவம். நாள் பூரா உன்னைப் பிடிச்சு வெக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. இப்போ பாரு கண்ணு!”

பெவ் தன் கையாலேயே கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டாள். கறை கூர்மையானது: முதலில் பூட்ஸ், அப்புறம் சிரிப்பு. பெவ் போய் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, ‘கடை மூடியாச்சு’ பலகையைத் திருப்பி, பூட்டினாள்.