ஐந்து மணி நேரம் கூடுதல்

"நீங்க பறந்து கிழிச்சது போதும். இத்தோட விட்டுடுங்க."

ஞாயிறுதோறும் மனைவி பாடும் அதே பாட்டு. கணவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதுகில் மாட்டிப் பறக்கும் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூடம் முழுக்க விரித்திருந்த நீல இறக்கைத் துணி, ஜன்னல் காற்றில் தூங்கும் குழந்தை மாதிரி மூச்சு விட்டது.

"மீட்டர் கெட்டுப்போச்சு போல. நான் பறந்தது நாற்பத்தொரு மணி நேரம். இது நாற்பத்தாறு காட்டுது."

"உங்களுக்குத்தான் கூட்டத் தெரியலை."

"இதோட பெல்ட்டும் தானா சுருங்கிடுது. ஒவ்வொரு தடவையும் நீட்ட வேண்டியிருக்கு."

"நீங்கதான் பெருத்துட்டீங்க."

சிரித்தபடி இருக்கைப் பையைத் துழாவினான். துணி காயப்போடும் கிளிப் ஒன்று கையில் வந்தது. நிமிர்ந்தான். அவள் ஜன்னலோரம் மேகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலேருந்து நம்ம வீடு எப்படித் தெரியும்?" என்றான் மெதுவாக.

"தீப்பெட்டி மாதிரி. மாடியில காயிற உங்க சட்டை மட்டும் கையாட்டிக் கூப்பிடும்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யார் கத்துக் கொடுத்தது?"

"உங்க பயிற்சியாளர்தான். நீங்க ஆபீஸ் போனப்புறம்."

"அப்புறம் ஏன் என்னை மட்டும் விடச் சொல்றே?"

"நான் பறக்கிறப்ப பயமே இல்லைங்க. நீங்க பறக்கிறப்ப கீழே நிக்க முடியல."

நீட்டிய பெல்ட்டை அவள் அளவுக்குச் சுருக்கினான். கிளிப்பை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"நாளைக்குக் காத்து நல்லாயிருக்காம். டேங்கை நிரப்பி வச்சிட்டு ஆபீஸ் போறேன்."