கேட்டைத் தாண்டிய துணி

“என்னாங்கய்யா இது? மில்லோட வரலாறு சொல்லப் போறோம், அந்த மில்லுல நெய்ஞ்ச துணி ஒரு முழம்கூடவா யார்கிட்டயும் இல்ல?” அபி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

மூடிக் கிடந்த பஞ்சாலைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, மறுநாள் கண்காட்சி திறக்கிறார்கள். பொறுப்பு அபியுடையது. ஷிப்டுக்கு ஊதும் சங்கு வந்துவிட்டது, தறி வந்துவிட்டது, பிரெஞ்சுக்காரன் காலத்து போட்டோக்களும் மாட்டியாகிவிட்டது. நடுவில் துணிக்கென்று வைத்த கண்ணாடிப் பெட்டி மட்டும் காலி.

வந்திருந்த பழைய தொழிலாளிகள் தரையைப் பார்த்தார்கள். நெய்ததெல்லாம் கப்பலேறிப் போனது. ஊருக்குள் ஒரு முழம் விற்றதில்லை. யார் வீட்டிலாவது இருந்தால், அது கேட்டைத் தாண்டி வந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

தறியில் முப்பது வருஷம் நின்ற பக்கிரியும் அவர்களில் ஒருவர். மகள் பிறந்த அன்று சட்டைக்குள் வயிற்றோடு சுற்றிக்கொண்டு வந்த நாலு முழத் துணி, சாரம் பகுதியில் உள்ள அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. பிள்ளை அதில்தான் தூளி ஆடினாள்.

கொண்டுவந்து கொடுத்துவிடலாம். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது யார்? ரேமோன்! ஷிப்டு முடிந்து போகிற ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்து அனுப்பிய காவல்காரர். பட்டாளத்துப் பக்கமே போகாதவர்; அந்த மீசைக்காகவே எல்லாரும் அவரை ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், என்பார்கள்.

“என் கையைத் தாண்டி ஒரு நூலு போயிருக்குமா?” என்று சொல்தா மீசையை முறுக்கினார்.

பக்கிரி அபியைப் பார்த்தார். பாவம், மூன்று மாதமாக வெயிலில் அலைந்த பெண். நாளைக்கு ஊரே வந்து வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவதா? மானம் போனால் போகட்டும் என்று வண்டியைக் கிளப்பினார்.

அரைமணியில் திரும்பியவர் மேஜைமேல் துணியை விரித்தார். ஓரத்தில் மில் முத்திரை நீலம் மாறாமல் இருந்தது. அபிக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

“நான்தான் எடுத்துகினு போனேன்” என்றார் பக்கிரி. “பொம்பளப் புள்ள பொறந்துச்சு, ஆசையா இருந்துச்சு. யாரு என்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்.”

சொல்தா எழுந்து வந்து துணியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த நாலு முழத்துக்கா இத்தினி வருஷம் பயந்துகினு இருந்த?” என்றவர் அபி பக்கம் திரும்பினார்.

“ஒரு ஆட்டோ அனுப்பும்மா. எங்க வூட்டு ஏழு ஜன்னலுக்கும் ஸ்க்ரீன் நம்ம மில்லு துணிதான். எல்லாரையும் தடவிப் பாக்க என்னைப் போட்டானுங்க. என்னைத் தடவிப் பாக்க ஒருத்தனையும் போடலியே!”